வால் முளைத்த கோப்பு

டிக்கெட் எடுக்காதவன்தான், கேட்பதற்கு முன்பே "எடுத்தாச்சு" என்பான். அரசுப் பேருந்தில் கண்டக்டராகக் காலம் தள்ளி ஓய்வுபெற்ற ஸ்தனிஸ்லாஸ், மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பாதி இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். மீதிப் பாதி பிரியாணியைப் பற்றியது.

இப்போது அவர் பேகம்பூரில் நர்கீஸின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர். நர்கீஸ் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன கடைகளையும் காணாமல் போன லாரிகளையும் விசாரித்துப் பழகியவள். நாற்பதைத் தொட்டதும் தனியாகக் கடை போட்டுவிட்டாள். தன்னைவிட மூத்த உதவியாளரை "அண்ணே" என்பாள். அவர் அவளை "மேடம்" என்பார். இரண்டிலும் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

அன்று காலை அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த இசைவாணி டீயைத் தொடவே இல்லை. சின்னாளப்பட்டிப் பெண், மென்பொருள் கம்பெனியில் வேலை. அழுது முடித்து, முகம் கழுவி, கோபத்தை மட்டும் கையோடு எடுத்து வந்திருந்தாள்.

"செத்த நேரம் மெதுவாச் சொல்லு தாயி," என்றார் ஸ்தனிஸ்லாஸ். "எனக்குக் கம்ப்யூட்டர்னா டிக்கெட் அடிக்கிற மெஷின் மட்டும்தான் தெரியும். அதுவும் கூட்டம் ஏறுனா செத்துப் போயிரும்."

"எங்க செழியன் சார் ஒரு கம்ப்யூட்டர் மொழி உண்டாக்கினாரு ஐயா. பேரு சிட்டு. அதுக்கு வேண்டிய பொட்டலங்களை எங்கெங்கயோ இருந்து எடுத்துட்டு வந்து அடுக்கிக் குடுக்கிறதுக்கு ஒரு புரோகிராம். அதுக்குப் பேரு கூடை. ரெண்டும் லினக்ஸ்ங்கிற இயங்குதளத்துல மட்டும்தான் ஓடிட்டிருந்துச்சு. ஒட்டன்சத்திரத்துல காய்கறி குளிர்பதனக் கிடங்கு வச்சிருக்கிற கம்பெனி ஒண்ணு எங்களுக்கும் வேணும்னு கேட்டாங்க. அவங்க மெஷின் பூராவும் ஃப்ரீபிஎஸ்டின்னு வேற இயங்குதளம்."

"அது வேற சாதியா?"

"ஒரே யூனிக்ஸ் வம்சம்தான். பாக்க அக்கா தங்கச்சி மாதிரியே இருக்கும். ஆனா வீட்டு வழக்கம் வேற. இங்க ஒரு கட்டளைக்கு ஒரு அர்த்தம்னா அங்க வேற அர்த்தம். சிட்டையும் கூடையையும் அங்க கொண்டுபோய் ஓட வைக்கிறது என் வேலை. ஒரு வருசமா அதைத்தான் பாத்தேன்."

"பொண்ணைக் கட்டிக்குடுத்து, புகுந்த வீட்டுல அடுப்பு பத்துற வரைக்கும் கூடவே இருக்கிறது," என்றார் ஸ்தனிஸ்லாஸ். இசைவாணி முதல்முறையாகச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நேத்து ஒட்டன்சத்திரம் ஆளுக முன்னாடி ஓட்டிக் காட்டினோம். கூடை ஒரு பொட்டலத்தைக்கூட எடுக்கல. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு கைரேகை இருக்கும் மேடம். உள்ள ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை மாறிரும். 'கைரேகை பொருந்தவில்லை'ன்னு எல்லாத்தையும் தள்ளிருச்சு. பெங்களூர்ல எனக்கு ஒரு வேலை வந்திருக்கிறது சாருக்குத் தெரியும். போற போக்குல குழி பறிச்சிட்டுப் போறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. ஆபீஸ் சாவியைப் புடுங்கிட்டாரு."

"இன்னிக்கு என்ன நடக்கணும்?" என்று கேட்டாள் நர்கீஸ். அவள் கேட்கும் கேள்விகள் எப்போதும் குட்டையானவை.

"சாயங்காலம் ஒட்டன்சத்திரத்துக்காரங்க போன்ல கூப்பிடுவாங்க. அதுக்குள்ள நான் பண்ணலன்னு தெரியலன்னா, அந்த வேலையிலருந்தே என் பேரை எடுத்துருவாரு. பெங்களூர்க்காரங்களும் என்னைப் பத்தி அவர்கிட்டத்தான் கேப்பாங்க. நாசவேலைக்காரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மேடம், அப்புறம் எனக்கு எவன் வேலை குடுப்பான்?"

"அந்த மெஷினை யார் யாரு தொடலாம்?"

"நான், சார், இஷாக். மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மானிட்டர்லயே ஒட்டியிருக்கும்."

"வெளங்கும்," என்றார் ஸ்தனிஸ்லாஸ். "ஊரு பூட்டுக்குப் பேர் போன ஊரு. சாவியை மட்டும் வாசல்ல தொங்க விட்டுருவோம்."

"இப்ப மெஷின் எப்படி இருக்கு?"

"அதான் கூத்து. காலையில தானா சரியாயிருச்சாம். லீவு சொல்ல சார்கிட்டப் பேசின இஷாக் மெசேஜ் போட்டான். என்னை வெளிய அனுப்பினதும் மெஷினுக்குக் குணமாயிருச்சுன்னு சார் சொல்றாராம்."

நர்கீஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எரிஞ்ச கடை மறுநாள் தானா முளைச்சு நான் பாத்ததில்ல. நேத்து எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?"

இருந்தது. கூடை முரண்டு பிடித்த பதற்றத்தில், கோப்புகளின் வரிசை தெரியும்படி திரையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள் இசைவாணி. சாவியைப் பறிகொடுத்த பிறகு அதை உட்கார்ந்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இதுல உன் கை படாதது எது?" என்றாள் நர்கீஸ்.

இசைவாணி படத்தைப் பெரிதாக்கினாள். அவள் முகம் மெல்ல மாறியது. ஒவ்வொரு கோப்புக்குப் பக்கத்திலும் அதே பெயரில் இன்னொன்று நின்றது. பெயரின் கடைசியில் மட்டும் ஒரு சின்னக் கோடு, அதன் பிறகு இங்கிலீஷ் ஈ.

"வாலு," என்றாள் இசைவாணி.

"வாலுல ஈ வேற உக்காந்திருக்கு," என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"கோப்பைத் தொறக்காமலே உள்ள இருக்கிற வார்த்தையை மாத்துறதுக்கு ஒரு வரிக் கட்டளை ஒண்ணு இருக்கு மேடம். லினக்ஸ்ல அடிக்கிற மாதிரியே ஃப்ரீபிஎஸ்டியிலயும் அடிச்சா, வேலை நடந்துரும். ஆனா கட்டளையில வர்ற அந்த ஈயை அது வேற மாதிரி எடுத்துக்கும். 'மாத்துறதுக்கு முன்னாடி இருந்ததை நகல் எடுத்து, இந்த வாலை ஒட்டிப் பக்கத்துல வை'ன்னு புரிஞ்சுக்கும். வச்சிரும். சத்தமே காட்டாது. நான் வந்த புதுசுல இதுல விழுந்து எந்திரிச்சேன். அதுக்கப்புறம் என் விரலு அப்படி அடிக்காது."

ஸ்தனிஸ்லாஸ் தலையாட்டினார். "எங்க டிரைவர் பொம்மையனை வடமதுரை ரூட்டுலருந்து நத்தம் ரூட்டுக்கு மாத்தினாங்க. பழைய ஸ்டாப்பு தூரம் வந்ததும் அவன் காலு தானா பிரேக்குல போய் உக்காரும். ஸ்டாப்பும் கிடையாது, ஏற ஆளும் கிடையாது. வண்டி பாட்டுக்கு வயக்காட்டுல நிக்கும். கேட்டா, நான் எங்கடா மிதிச்சேன்பான்."

நர்கீஸ் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து பர்தாவைச் சரிசெய்துகொண்டாள். "கைரேகையைத் துடைச்சிரலாம் அண்ணே. கைப்பழக்கத்தைத் துடைக்க முடியாது. லினக்ஸ் பழக்கத்தை விடாத ஒரு கை அந்த மெஷின்ல வேலை பாத்திருக்கு. இசைவாணி, உன் லேப்டாப்புல ஃப்ரீபிஎஸ்டி இருக்கா? ரெண்டு கையைச் சோதிக்கணும்."

*

முதல் கை வடமதுரையில் இருந்தது. அன்று லீவு போட்டு வீட்டில் இருந்த இஷாக்கைத் தேடி, நர்கீஸை ஸ்கூட்டரின் பின்னால் வைத்துக்கொண்டு திருச்சி ரோட்டில் போகும் வழியெல்லாம், குற்றவாளி இஷாக்தான் என்று ஸ்தனிஸ்லாஸ் காற்றோடு கத்திக்கொண்டு வந்தார். லினக்ஸ் தவிர வேறெதுவும் தெரியாதவன், ஃப்ரீபிஎஸ்டியைத் தண்டம் என்று ஆபீஸில் ஊதிக்கொண்டு திரிந்தவன், இசைவாணி போனால் அவள் இடத்துக்கு வரக்கூடியவன். மூன்று காரணத்துக்கு ஒரு ஆள் கிடைத்தால் போதாதா என்பது அவர் கட்சி.

நர்கீஸ் இஷாக்கிடம் விசாரணை எதுவும் நடத்தவில்லை. டீயைக் குடித்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள்.

"தம்பி, எங்க ஏஜென்சி பழைய அட்ரஸ் இந்தக் கோப்பு எல்லாத்துலயும் கெடக்கு. நாகல் நகர்னு இருக்கிறதைப் பேகம்பூர்னு மாத்தித் தாங்களேன்."

"இம்புட்டுத்தானா மேடம்?" இஷாக் கோப்புகளை எடிட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்தான். தேடினான், மாற்றினான், சேமித்தான், மூடினான். அடுத்ததைத் திறந்தான். ஸ்தனிஸ்லாஸுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"இதுக்கு ஏதோ ஒரே வரியில கட்டளை இருக்காமே தம்பி?"

"இருக்கு ஐயா. எனக்கு மனப்பாடமா வரமாட்டேங்குது. தொறந்து கண்ணால பாத்து மாத்துனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இசைவாணி அக்கா அப்படிப் பண்ணியிருக்க மாட்டாங்க மேடம். எனக்கு ஃப்ரீபிஎஸ்டி புடிக்காது. அக்காவைப் புடிக்கும். அவங்களுக்காகப் பேச நேத்து வாய் வரல. அதான் இன்னிக்கு லீவு."

நர்கீஸ் கோப்புகளின் வரிசையை எட்டிப் பார்த்தாள். எதற்கும் வால் முளைக்கவில்லை.

ரோட்டுக்கு வந்ததும் ஸ்தனிஸ்லாஸ் வருத்தத்தோடு ஹெல்மெட்டை மாட்டினார். "இவன் டிக்கெட் எடுத்தவன் மேடம். மொகத்துலயே தெரியுது. மூணு காரணமும் வீணாப் போச்சு."

*

செழியனின் அலுவலகம் பழனி ரோட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே யூரியா வாசம் கூட வரும். தனியாக வந்து காத்திருந்த இசைவாணியைக் கீழே கடை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு இருவரும் மேலே போனார்கள்.

செழியன் மரியாதையான மனிதர். ஐம்பதை நெருங்கும் வயது, கண்ணாடி, நன்றாக ஒதுக்கிய தாடி. சுவரில் சிட்டுக்குருவி படம் பெரிதாக மாட்டியிருந்தது. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"வாங்க மேடம். அந்தப் புள்ள உங்ககிட்ட வந்தாளாக்கும். விசாரிங்க, தாராளமா விசாரிங்க. நேத்துலருந்து அந்த மெஷினை நான் தொடவே இல்ல."

கேட்பதற்கு முன்பே "எடுத்தாச்சு". ஸ்தனிஸ்லாஸின் காது தானாக நிமிர்ந்தது. அவர் நர்கீஸைப் பார்த்தார். அவளோ ஒன்றும் காதில் விழாதவள் போல, "விசாரணை கெடக்கட்டும் சார்," என்றாள். "ஒரு உதவி. இந்த லேப்டாப்புல எங்க பழைய அட்ரஸ் எல்லாக் கோப்புலயும் இருக்கு. ஒவ்வொண்ணாத் தொறந்து மாத்தினா விடிஞ்சிரும்னு பயமா இருக்கு."

செழியன் சிரித்தார். "தொறந்து மாத்துறதெல்லாம் பச்சப்புள்ளைங்க வேலை மேடம். இங்க குடுங்க."

அவர் விரல்கள் விசைகளின் மேல் ஒருமுறை ஓடின. ஒரே வரி. தட்டினார். எல்லாக் கோப்பிலும் நாகல் நகர் பேகம்பூராகிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஸ்தனிஸ்லாஸுக்கே கைதட்டத் தோன்றியது.

"எவ்வளவு நாள் பழக்கம் சார்?"

"லினக்ஸ் தொட்ட நாள்லருந்து. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இந்த வரி வரும்."

"வரும் சார். அதான் வந்துருக்கு." நர்கீஸ் கோப்புகளின் வரிசையைத் திறந்து காட்டினாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வால் முளைத்திருந்தது. "இது ஃப்ரீபிஎஸ்டி மெஷின். நேத்து உங்க மெஷின்ல எடுத்த இந்தப் போட்டோவுலயும் இதே வாலு இருக்கு."

செழியனின் சிரிப்பு போகவில்லை, ஆனால் கொஞ்சம் காய்ந்தது. போட்டோவைப் பார்த்தார், தாடியைத் தடவினார். "மேடம், இந்தப் பழக்கம் லினக்ஸ்காரன் பாதிப் பேருக்கு இருக்கும். அவளே என் மேல பழி போடுறதுக்கு வேணும்னு அப்படி அடிச்சிருக்கலாம். அந்த வாலுக் கோப்பு மாத்துறதுக்கு முந்தின நகல்தானே? தொறந்து பாருங்க. உள்ள அவ பேருதான் இருக்கும். அதை வச்சு என்ன நிரூபிப்பீங்க?"

"கொஞ்சம் இருங்க," என்றார் ஸ்தனிஸ்லாஸ். "பேரு மாறுச்சுன்னு யாரு சார் சொன்னா? எங்களுக்கே அது தெரியாதே."

உரக்கடையில் யாரோ மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது. நர்கீஸ் ஜன்னல் வழியாகக் கையசைக்க, இசைவாணி மேலே வந்தாள். மூவரும் மெஷின் இருந்த அறைக்குப் போனார்கள். செழியன் பின்னால் வந்தார். தடுக்கவில்லை. உள்ளே தன் பேர் இருக்காது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இசைவாணி ஒரு வால் கோப்பைத் திறந்தாள். தமிழில் எழுதிய தலைவரிகள் மேலே வந்தன.

"வாசிங்க அண்ணே," என்றாள் நர்கீஸ்.

ஸ்தனிஸ்லாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்டாப் பெயர் சொல்லும் குரலில் வாசித்தார். "ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுவந்தவர்: செழியன்."

செழியன் திரையை நெருங்கிப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "இது எப்படி... அதுல அவ பேருதானே இருக்கணும்?"

"ஒரு தடவை மாத்தியிருந்தா இருந்திருக்கும் சார்," என்றாள் நர்கீஸ். "இவ பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டீங்க. இவ பேரு இருந்த நகலுக்கு வாலு முளைச்சுச்சு. அதைத்தான் நேத்து போட்டோவுல பாத்தோம். கைரேகை மாறினதுனால கூடை எல்லாத்தையும் தள்ளிருச்சு. பயந்துபோய், யாரும் இல்லாத நேரமாப் பாத்து, பேரைத் திருப்பி மாத்திட்டீங்க. அதுவும் அதே ஒரு வரிக் கட்டளையில. இப்ப முந்தின நகல் எது? உங்க பேரு இருந்தது. பழைய வால் மேல அது போய் உக்காந்துருச்சு. திருடின அன்னிக்கு விட்ட வாலுல உங்க பேரு இல்ல சார். திருப்பி வச்ச அன்னிக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டீங்க."

செழியன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினஞ்சு வருசம்," என்றார். "ராத்திரி பகலா நான் வளத்த மொழி. ஒட்டன்சத்திரத்துக்காரங்க பொட்டலத்தைப் பிரிச்சா, எல்லாத்து நெத்தியிலயும் அவ பேரு. எனக்குப் பொறுக்கல. என் லினக்ஸ்ல பொட்டலம் கட்டும்போது கைரேகை தானா புதுசா எடுத்துக்கும். இங்கயும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"ஃப்ரீபிஎஸ்டி வீட்டுல, மொழியைக் கொண்டுவந்தவதான் கைரேகையைக் கையால எடுத்து வைக்கணும் சார்," என்றாள் இசைவாணி. "ஒரு வருசமா இதையெல்லாம் எழுதி எழுதி உங்களுக்கு அனுப்புனேன். ஒண்ணையாவது தொறந்து பாத்தீங்களா?"



"அண்ணே," என்றாள் நர்கீஸ். "ரெண்டாவது வரியையும் வாசிங்க."

ஸ்தனிஸ்லாஸ் குனிந்தார். இம்முறை ஸ்டாப் குரல் வரவில்லை. "பெற்றவர் செழியன். பறக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். கூடு மாற்றியது மட்டும் என் வேலை."

"அது நீங்க மாத்தினதுல்ல சார்," என்றாள் இசைவாணி. "நான் முதல்லயே எழுதினது. எல்லாக் கோப்புலயும் இருக்கு."

தொறந்து மாற்றுவது பச்சப்புள்ளை வேலை என்று கொஞ்ச நேரம் முன்பு சொன்ன மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் மேசை மேலிருந்த போன் அடித்தது. ஒட்டன்சத்திரம். செழியன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை எழவில்லை. வண்டியை எடுக்கத் தயங்கும் டிரைவர்கள் எத்தனையோ பேரை ஸ்தனிஸ்லாஸ் பார்த்திருக்கிறார்.

"போலாம், ரைட்," என்றார் மெதுவாக.

செழியன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க செழியன்," என்றது குளிர்பதனக் கிடங்கு முத்துச்சாமியின் குரல். "நேத்து என்னாச்சுன்னு தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுதுங்க. கோப்புல நான்தான் கையை வச்சேன். யார்கிட்டயும் சொல்லாம ஒரு பேரை மாத்தினேன். அதைக் கூடை கண்டுபுடிச்சிருச்சு."



"மொழியைப் பெத்தவரு நீங்க. நீங்க கையை வச்சும் அது ஒத்துக்கலீங்களா?"

"ஒத்துக்கலீங்க."

"அப்பறம் என்னங்க? நேத்தெல்லாம் இது ஓடாத வண்டின்னு நெனச்சு வேற எடம் பாத்துட்டிருந்தோமுங்க. எங்க கிடங்குல எந்தக் கொம்பன் கையை வச்சாலும் இப்படித்தான் மொறைக்கோணும். அந்தக் கைரேகை வேலை யாரு பண்ணினதுங்க?"

செழியன் தொண்டையைச் செருமினார். "இசைவாணிங்க."

"அந்தப் புள்ளகிட்டக் குடுங்க, பேசோணும்."

செழியன் எழுந்து நாற்காலியை விட்டு விலகினார். இசைவாணி உட்கார்ந்தாள். போனை உடனே தொடவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"பக்கத்துல உக்காருங்க சார். மொழியைப் பத்திக் கேட்டா நீங்கதான் சொல்லணும். அதுக்கு முன்னாடி, நேத்து இவங்க எல்லார் முன்னாடியும் என்னைப் பத்தி ஒண்ணு சொன்னீங்க. அதை இப்ப இவங்க முன்னாடியே திருப்பி எடுக்கணும். நிறுத்தி, நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா. அதுக்கு ஒரு வரிக் கட்டளை கெடையாது."

செழியன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "முத்துச்சாமி சார்," என்று ஆரம்பித்தார்.